பதினேழாம் எண் படகோட்டி

குழந்தைவேலுவின் கைக்கு முதல் பொம்மை வந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

1951ஆம் ஆண்டு, மழைக்கு முன்பு. போர்ட் பிளேர் துறைமுகத்தின் ஓரம் ஜப்பான்காரர்கள் விட்டுப்போன பதுங்குகுழி ஒன்றை மூடி மேடாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஆறு மாதம்கூட ஆகாத கூலியாள் அவர். மண்வெட்டியில் ஏதோ டணாரென்று தட்டியது. வெடிகுண்டாக இருக்குமென்று மேஸ்திரி எல்லோரையும் விரட்டினார். குழந்தைவேலு மட்டும் குனிந்து கையாலேயே மண்ணை ஒதுக்கினார். உள்ளங்கை நீளத்தில் ஒரு தகரச் சிப்பாய். ஒரு காலைத் துரு தின்றிருந்தது. முதுகில் சாவி போடும் துளை. மற்றவர்கள் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அவர் அதைத் தலைத்துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அதற்கு முன் அவர் ஒரு கடைப் பொம்மையைத் தொட்டது ஒரே ஒரு முறை. ஊர்த் திருவிழாவில், ஏழு வயதில், ஒரு தகர வண்டியின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். சேரிப் பையன் தொட்டுவிட்டான் என்று கடைக்காரர் வண்டியைத் தண்ணீரில் கழுவித் திரும்ப வைத்தார். நனைந்தால் அச்சு துருப்பிடிக்குமே என்பதுதான் அப்போது தன் கவலையாக இருந்தது என்று பிற்காலத்தில் சொல்லுவார். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

எட்டாம் வகுப்புவரை படித்திருந்ததால் இரண்டு வருடத்தில் துறைமுகத்தில் டாலி கிளார்க் ஆனார். கப்பலிலிருந்து சரக்கு இறங்க இறங்க எண்ணிக் கோடு போட்டு, மெயின்லேண்டிலிருந்து முன்கூட்டியே வந்திருக்கும் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது அந்த வேலை. அரிசி மூட்டை, சிமெண்டு, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், எதுவானாலும் அவர் எண்ணினால் எண்ணியதுதான். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அவர் ‘டாலி பாபு’. கையெழுத்தான பட்டியல் சொல்வதுதான் நிஜம், சரக்கு அதற்குப் பிறகுதான் என்பது ஜெட்டி எனப்படும் கப்பல்துறையின் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார்.

வீட்டில் பொம்மைகள் பெருகின. மெயின்லேண்டுக்கு விடுமுறையில் போகிறவர்களிடம் மற்றவர்கள் புளியும் அப்பளமும் சொல்லி அனுப்புவார்கள். இவர் ஒரு பொம்மை சொல்லி அனுப்புவார். கப்பல் சமையல்காரர்கள் கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்து தருவார்கள். அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் ஹபீப் முகம்மது, சரக்குப் பெட்டிக்குள் ஒன்றிரண்டு ஒளித்து வரவழைத்துத் தருவார். சாவி கொடுத்தால் மேளமடிக்கும் சிப்பாய்கள், ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் இரண்டு மல்லர்கள், குதிரை வீரர்கள், கயிற்றில் ஏறும் மனிதன். எல்லாவற்றிலும் சிறந்தது ஒரு படகோட்டி. சாவியைத் திருகி வாளித் தண்ணீரில் விட்டால் இரண்டு துடுப்பையும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே விளிம்புவரை போவான்.

உப்புக்காற்றில் தகரம் ஒரு மழைக்காலம் தாங்காது. ஞாயிறுதோறும் லம்பா லைன் பகுதியிலிருந்த தன் வீட்டு முற்றத்தில் பழைய வேட்டியை விரித்து, ஒவ்வொன்றையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடி விளிம்பில் மெழுகு பூசி வைப்பார்.

“என் தலை எண்ணெய் பாத்து மாசமாச்சு. இதுங்களுக்கு வாராவாரம் எண்ணெய்க் குளியல்,” என்பாள் மனைவி மரகதம்.

“உனக்குத் துருப் பிடிக்காது, மரகதம்.”

“பிடிச்சிருச்சு. நீங்கதான் பாக்கல.”

மகள் செல்லம் 1954இல் பிறந்தாள். அவளுக்கு நடக்க வந்ததும் அவர் ஒரு விதி போட்டார். பார்க்கலாம், தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேட்டியின் ஓரம் உட்காரவேண்டும். குழந்தை அப்படியே உட்காரும். படகோட்டி தண்ணீரில் போகும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் சாயும். ‘எம் பொண்ணு மாதிரி அடக்கமான பிள்ளை தீவுலயே கிடையாது’ என்று அவர் ஹபீபிடம் பெருமையடித்துக்கொள்வார். தன்னைத் தொடவிடாத கடைக்காரரிடம் தண்ணீர்க் குடம் இருந்தது, தன்னிடம் விதி இருக்கிறது, வேறு வித்தியாசம் இல்லை என்பது அந்த மனிதருக்குத் தோன்றவேயில்லை.

அந்தமானில் சாதி கிடையாது என்று மேடைக்கு மேடை பேசிய காலம் அது. ஒரே கப்பல் கொண்டுவந்த அரிசியை எல்லோரும் தின்றார்கள், எல்லோரும் ஒரே இந்தியில் பேசினார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் கப்பலில் வந்த பெட்டி படுக்கைகளோடு அதுவும் வந்து இறங்கியிருந்தது. எந்த டாலி கிளார்க்கும் அதை எண்ணிக் கோடு போடவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைவேலுவின் மேலதிகாரி இராமகிருஷ்ணன் கும்பகோணத்துக்காரர். மேட்டு பங்களாவில் இருந்தார். அவர் மனைவி ஜெயலட்சுமி வருடந்தோறும் கொலு வைப்பாள். படிகளில் மண் பொம்மைகள். படிகளுக்குக் கீழே தரையில் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்லாக்கி, கண்ணாடியை வைத்துக் குளமாக்கி ஒரு பூங்கா. 1959இல் டாலி பாபுவிடம் பொம்மைகள் இருப்பதைக் கேள்விப்பட்டு, பூங்காவுக்காக ஒன்பது நாள் கடன் கேட்டனுப்பினாள்.

யார் கேட்டும் தராத மனிதர் அன்று துள்ளிக்கொண்டு ஓடினார். தன் சிப்பாய்கள் பெரிய வீட்டுக் கூடத்தில் அணிவகுத்து நிற்கப் போகிறார்கள்! பொம்மைகள் கூடத்துக்குப் போயின. அவரைப் பின்பக்கத் தாழ்வாரத்தோடு நிறுத்தினார்கள். உள்ளே கொண்டுபோகுமுன் அந்தம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். “தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்கம்மா, துரு ஏறிடும்,” என்று கைகூப்பினார். மண்ணைப் பிசைந்து செய்த பொம்மைக்குப் பட்டுக் கட்டித் தீபம் காட்டும் வீடு, தகரப் பொம்மையைத் தூக்கிவந்த மனிதரின் தீட்டைக் கழித்தது. அவருக்கு அதில் கோபம் வரவில்லை. எண்ணெய் போடும் துணியை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது.

“அரே வேலு, உன் பொம்மைக்கு உள்ள நாற்காலி. உனக்குக் கொல்லைப்புறம். இதுல உனக்கு என்னடா சந்தோஷம்?” என்றார் ஹபீப்.

“பொம்மையாச்சும் உள்ள போகுதே, பாய்.”

“நல்லா இருக்கு நியாயம்! அடுத்த தடவை பொம்மையை வீட்ல வச்சுட்டு நீ போய் நில்லு. உள்ள விடுறாங்களா பாப்போம்.”

அவர் சிரித்து மழுப்பினார். ஐந்து வருடம் தொடர்ந்து போனார்.

1963ஆம் ஆண்டுக் கொலுவுக்கு முதல் நாள், வழக்கம்போல இருபத்துநான்கு பொம்மைகளுக்குக் கார்பன் வைத்து இரண்டு பிரதியில் பட்டியல் எழுதி, ஒன்றை பங்களாவுக்குக் கொடுத்தனுப்பினார். பதினேழாம் எண், படகோட்டி. மறுநாள் காலை பெட்டி கட்டும்போது படகோட்டியின் சுருள்வில் கழன்றிருந்தது. பிறகு சரிசெய்யலாம் என்று அதை வேறொரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். ஏழு மணிக்குக் கப்பல் வேலை. அவசரத்தில் பட்டியலில் அடிக்கவேண்டியதை அடிக்காமல் பெட்டிகளைத் தூக்கினார். சின்னப் பெட்டி செல்லத்தின் கையில். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பங்களாவில் யாரும் எண்ணிப் பார்த்து வாங்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் பள்ளி விட்டு வரும்போது செல்லம் பங்களாவின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பொம்மைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கேயும் கையைப் பின்னால்தான் கட்டியிருந்தாள். ஒருநாள் இலையில் சுண்டல் கொடுத்தார்கள், ஜன்னல் வழியாக.

பத்தாம் நாள் காலை தகப்பனும் மகளும் பெட்டிகளோடு தாழ்வாரத்தில் நின்றார்கள். இராமகிருஷ்ணன் ஈஸிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று நல்ல மனநிலையில் இருந்தார்.

“வேலு, உன்னை சீனியர் கிளார்க் பதவிக்கு எழுதியிருக்கேன். பத்து வருஷத்துல ஒரு டாலிகூடத் தப்பினதில்லைன்னு போட்டிருக்கேன், தெரியுமா?”

“ஐயா தயவு.”

ஜெயலட்சுமி பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகப் படித்தாள். வேலைக்காரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பதினாறு முடிந்தது.

“பதினேழு, படகோட்டி.” நிமிர்ந்தாள். “படகோட்டி எங்க?”

கூடத்தில் தேடினார்கள். மணலைக் கிளறினார்கள். இல்லை. ஜெயலட்சுமியின் பார்வை மெல்லச் செல்லத்தின்மேல் வந்து நின்றது.

“இவ தினம் ஜன்னல்ல நின்னுட்டே இருந்தா. போன வருஷமே அந்தப் படகோட்டி மேலதான் இவளுக்குக் கண்ணு. ஜன்னல் கம்பிக்குள்ள கை நுழையுமே.”

“நான் எடுக்கலம்மா.”

இராமகிருஷ்ணன் பேப்பரை மடித்தார். “விடு ஜெயா. சின்னது. அவங்க வளர்ப்பு அப்படி.”

அவங்க. அந்தச் சொல் எங்கே குறி வைத்து எறியப்பட்டது என்பது குழந்தைவேலுவுக்குத் தெரியும். அதே கணத்தில் பிஸ்கட் டின்னும் நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டில், அலமாரியின் கீழ்த்தட்டில், மெழுகு பூசிய மூடிக்குள் படகோட்டி இருந்தான். ‘அம்மா, தப்பு என் பட்டியலில்’ என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். டாலியில் தப்பே வராத ஆள் என்று இப்போதுதான் சொன்ன வாய் எதிரே உட்கார்ந்திருந்தது. அந்த மூச்சை அவர் விடவில்லை. கையை ஓங்கி மகளின் கன்னத்தில் அறைந்தார்.

“நான் எடுக்கலப்பா,” என்றாள் செல்லம், அவரைப் பார்த்து. அவ்வளவுதான்.

“சரி சரி, அடிக்காத. பொம்மைதானே, போகட்டும்,” என்றார் இராமகிருஷ்ணன் பெருந்தன்மையாக. மன்னிக்கும் உரிமையும் அந்த வீட்டிடமே இருந்தது.

செல்லத்தை வீட்டில் விட்டுவிட்டு ஹபீபின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஹபீப் கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தார்.

“அப்ப திரும்பிப் போ. இப்பவே போய்ச் சொல்லு.”

“சீனியர் பேப்பர் இன்னும் கையெழுத்தாகல, பாய். ஆனதும் சொல்லிடுறேன்.”

“வேலு, நீ அடிச்சது ஒரு திருடியைன்னு ஊரே நினைக்கும். அது உன் மகடா.”

பேப்பர் இரண்டு மாதத்தில் கையெழுத்தானது. அவர் சொல்லவில்லை. இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்களே. நாள் கூடக் கூட அந்தக் கேள்வியும் பெரிதாகிக்கொண்டே போனது. பள்ளியில் யாரோ செல்லத்தை ‘படகுத் திருடி’ என்று கூப்பிட்டதாக மரகதம் வந்து சொன்னாள். அவர் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டியின் ஓரம் காலியாகவே கிடந்தது.

1966இல் இராமகிருஷ்ணனுக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. அவர்கள் சாமான்களை எண்ணிக் கப்பலில் ஏற்றியவர் குழந்தைவேலுவேதான். முப்பத்தொரு உருப்படி, கொலுப் பெட்டிகள் உட்பட. ஜெயலட்சுமி ஏணிப்படியருகே கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தனியே நின்றாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர் கிட்டே போனார்.

“என்ன வேலு?”

“முப்பத்தொண்ணும் சரியா இருக்கும்மா.”

கப்பல் போனபின் ஜெட்டிக் கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

செல்லம் பதினாறு வயதில் நர்ஸ் படிப்புக்கு மதுரைக்குப் போனாள். மூன்று வருடத்தில் தகப்பனுக்கு அவள் எழுதிய கடிதங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். நலம், நலமறிய ஆவல், புத்தகம் வாங்கினேன். இடையில் மரகதம் மஞ்சள் காமாலையில் இறந்தாள். கப்பல் கிடைத்துச் செல்லம் வந்து சேர்ந்தபோது பதினைந்தாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அடுத்த கப்பலிலேயே போய்விட்டாள்.

1974 ஜனவரியில் மறுபடி வந்தாள். கச்சால் தீவில், இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களைக் குடியேற்றியிருந்த ரப்பர் தோட்டத்தின் மருந்தகத்தில் வேலை. கச்சாலுக்குப் படகு இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாள் லம்பா லைன் வீட்டில் தங்கினாள். அதற்குள் சொல்லியாகவேண்டும் என்று குழந்தைவேலு தீர்மானித்தார். முதல் நாள் முழுக்கச் சோறு பொங்கினார், மீன் வாங்கி வந்தார், கச்சாலில் கொசு அதிகம் என்று நான்கு முறை சொன்னார்.

இரண்டாம் நாள் காலை அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் பிஸ்கட் டின்கள் எல்லாவற்றையும் இறக்கி முற்றத்தில் அடுக்கினார்.

“எல்லாம் நீ எடுத்துக்க, செல்லம். அங்க பிள்ளைங்களுக்குக் குடு. விளையாடட்டும்.”

“படகுல இவ்வளவு ஏத்த விடமாட்டாங்கப்பா.”

“நான் சொல்லி ஏத்துறேன்.”

“வேணாம்.” கோபம் இல்லாத குரல். அதுதான் அவரை உலுக்கியது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அன்னைக்கு பங்களாவுல... நீ எடுக்கல. எனக்குத் தெரியும்.”

புடவையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல இடம் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். முதல்முறையாக அவர் அந்த வழியில் போகவில்லை.

“அப்பவே. உன்னை அடிக்கிறதுக்கு முன்னாடி.”

செல்லம் புடவையை மடித்து முடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“எனக்கும் தெரியும்ப்பா. மறுநாள் நீங்க வேலைக்குப் போனப்புறம் டின்னைத் திறந்து பாத்தேன்.”

“பாத்துட்டு ஏம்மா என்கிட்ட கேக்கல?”

“நான் ஏன் கேக்கணும்? நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். எனக்கில்ல. எனக்குத்தான் தெரியுமே. அங்க போய்ச் சொல்லுவீங்கன்னு. அவங்க ஊரை விட்டுப் போற அன்னைக்கு ஸ்கூலுக்கு மட்டம் போட்டு ஜெட்டியில பின்னாடி நின்னேன். அந்தம்மா கிட்டப் போனீங்க. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு.” பெட்டியை மூடினாள். “முப்பத்தொண்ணுன்னு சொன்னீங்க.”

பத்து வருடமாக யாரிடமிருந்து ஒளித்தாரோ, அவள் அந்தப் பத்து வருடமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இப்ப நான் என்ன செய்யணும், சொல்லு.”

“இப்ப ஒண்ணும் செய்ய வேணாம். படகுக்கு நேரமாச்சு.”

ஜெட்டியில் அவர் காலில் விழுந்து கும்பிடாமல், கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறினாள். மதுரையில் கற்றுக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. அந்தக் கை உறுதியாக இருந்தது.

மறுநாள் குழந்தைவேலு அலுவலகத்தில் பழைய கோப்பிலிருந்து இராமகிருஷ்ணனின் கும்பகோணத்து விலாசத்தை எடுத்தார். கார்பன் வைத்து எழுதினார்: ‘1963ஆம் வருடக் கொலுவில் காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட படகோட்டிப் பொம்மை தங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பட்டியலில் தவறு என்னுடையது. இது எனக்கு அங்கேயே தெரிந்தும் சொல்லாமல் என் மகளை அடித்தேன். என் மகள் திருடவில்லை. அவளைத் திருடி என்று நீங்கள் நினைத்ததும், அவங்க வளர்ப்பு என்று ஐயா சொன்னதும் தவறு.’ ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மேலதிகாரியின் வீட்டுக்குத் தவறு என்று எழுதினார். நகலைக் கச்சாலுக்கு அனுப்பினார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கும்பகோணத்திலிருந்து பதில் வந்தது. ஜெயலட்சுமி எழுதியிருந்தாள். கணவர் போன வருடம் காலமாகிவிட்டார். வேலுவை நன்றாக நினைவிருக்கிறது, அந்த அழகான சிப்பாய்களும் நினைவிருக்கின்றன. ஆனால் படகோட்டி எதுவும் காணாமல் போனதாக நினைவில்லை. வேலுவுக்கு ஒரு பெண் இருந்தாள் என்பதும் நினைவில்லை. பேரனுக்கு நான்கு வயது, சிப்பாய் என்றால் உயிர். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கப்பலில் வந்தால் இரண்டு மூன்று கொடுத்தனுப்ப முடியுமா?

ஹபீப் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “இதைச் செல்லத்துக்கு அனுப்பிடாத, வேலு. ஒரே அடி போதும் அந்தப் பிள்ளைக்கு.”

அவரும் அப்படித்தான் நினைத்தார். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

அடுத்த படகில் செல்லத்திடமிருந்து கடிதம் வந்தது. மலேரியா அதிகம், மருந்து போதவில்லை. தோட்டத்துப் பெண்களுக்கு அரைநாள் விடுப்புக் கேட்டு மேனேஜரோடு சண்டை போட்டிருக்கிறாள். கீழே தனியாக ஒரு வரி: ‘நகல் கிடைத்தது. அவர்கள் என்ன பதில் எழுதினார்கள்?’

படகு திரும்பிப் போக ஒரு மணி நேரம் இருந்தது. இன்னும் பதில் வரவில்லை என்று எழுதிவிடலாம். அவள் மனம் நோகாது. அவர் ஜெட்டியில் சரக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்து, வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். படகு சங்கு ஊதியபோது, ஜெயலட்சுமியின் கடிதத்தை வீட்டிலிருந்து எடுத்துவர நேரமில்லாமல், ஒரு தாளைக் கிழித்து எழுதி மடித்துப் படகை ஓட்டும் செராங்கின் கையில் கொடுத்தார்.

‘நினைவில்லையாம், செல்லம். உன்னையும் நினைவில்லையாம். பேரனுக்குப் பொம்மை கேட்டிருக்கிறார்கள். நான் அனுப்பப் போவதில்லை.’